இஸ்தோப்புக்கு அந்தப் பக்கம் ரியாத்

தம்பி போன மாதம் தோஹாவுக்குப் போனான். அவன் பயணத்துக்குத் தயாரான விதத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. கட்டிலில் படுத்துக்கொண்டே எல்லாவற்றையும் போனில் முடித்துவிட்டான். விமான நிலையத்தில் எந்த வாசலால் வெளியே வருவது, ரயிலுக்கு எந்த அட்டை வாங்குவது, தங்கப்போகும் அறையின் ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும் என்பது வரைக்கும் வீடியோவில் பார்த்தாகிவிட்டது. பெட்டியை மட்டும் என்னிடம் கேட்டான். அலுமாரிக்கு மேலே கிடந்த சிவப்புப் பெட்டியை இறக்கித் தூசி தட்டிக் கொடுத்தேன். "இதையா கொண்டுபோறது? ஆளுங்க சிரிப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் பதுளைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டான். சிவப்புப் பெட்டி திரும்பவும் மேலே ஏறியது. அதன்மேல் உட்கார்ந்துகொண்டு நான் ஒரு காலத்தில் ரியாத் நகரத்தையே ஆட்டிவைத்தவள் என்பது அவனுக்கு ஞாபகம் இல்லை. அப்போது அவன் பேச்சே சரியாக வராத பிள்ளை.

தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடுகளான எங்கள் லயம் மடுல்சீமையில் இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி நன்றாக மூச்சு வாங்க ஏறினால்தான் அதன் தகரக் கூரை கண்ணுக்குத் தெரியும். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, பின்னால் புகை பிடித்த குசினி, முன்னால் இஸ்தோப்பு என்று நாங்கள் சொல்லும் சின்ன வராந்தா. லயத்துக்குக் கீழே, வீடு கட்டிக்கொள்ளச் சொல்லித் தோட்டத்தில் கொடுத்த துண்டுக் காணியில் அப்பா அத்திவாரம் போட்டிருந்தார். போட்டதோடு சரி. அத்திவாரத்துக்குள்ளே புல் வளர்ந்து, அந்தப் புல்லுக்கு யார் வீட்டு மாட்டை முதலில் கட்டுவது என்று ஊரில் சண்டை வந்த பிறகுதான் அம்மா வெளிநாடு போவதென்று முடிவானது. அம்மா மலையில் கொழுந்து பறிப்பவள், அப்பாவுக்கு ஃபெக்டரியில் வேலை. இரண்டு பேர் உழைப்பும் வயிற்றுக்கே சரியாக இருந்தது. இதையெல்லாம் எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. பக்கத்துக் காம்பராவில் இருந்த அத்தையிடம் அம்மா சொன்னதை நான் சுவரோடு காதை வைத்துக் கேட்டுக்கொண்டேன்.

பயணத்துக்கு அம்மாவைத் தயார்ப்படுத்தும் பொறுப்பைச் சித்தி எடுத்துக்கொண்டாள். சித்தி என்றால் அம்மாவின் தங்கை. ரியாத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துவிட்டு வந்து, கல்யாணம் முடித்து ஹாலிஎலவில் இருந்தாள். ஏஜென்சிக்காரர்கள் பதுளையில் வகுப்பு வைப்பார்களாம். அங்கே மெஷின்களை எல்லாம் காட்டி, கடைசியில் ஒரு சோதனையும் வைப்பார்களாம். தேறாதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். இதைச் சித்தி அம்மாவைப் பயமுறுத்துவதற்காகச் சொன்னாள். எனக்கோ கேட்டதும் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அம்மா தேறாவிட்டால் போகமாட்டாள். அவ்வளவு சுலபமான ஒரு வழி இருக்கும்போது நான் ஏன் இத்தனை நாளாய்ப் போர்வைக்குள்ளே அழுதுகொண்டிருந்தேன் என்று தோன்றியது. அடுத்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் நின்று, அம்மாவின் தலையில் எதுவுமே ஏறக் கூடாது என்று மனமாரக் கும்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தி வந்து இறங்கியதும் எங்கள் வீடு இரண்டு தேசமாகப் பிரிந்துவிடும். இஸ்தோப்பு வரைக்கும் மடுல்சீமை, வாசற்படியைத் தாண்டினால் ரியாத். உர பேக்குகளை வெட்டித் தரையில் விரித்தால் அதுதான் கம்பளம். விளக்குமாற்றுக் கட்டையில் பால்மா டின்னைக் கட்டி இழுத்தால் தூசி உறிஞ்சும் மெஷின். டின்னுக்குள் சித்தி இரண்டு கல்லும் போட்டுவைத்தாள், சத்தத்துக்கும் பழக வேண்டுமாம். கதவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த மூலைதான் லிஃப்ட். அம்மா அதற்குள் போய் நின்று, சுவரில் இருந்த ஆணியை அழுத்திவிட்டு, சித்தி போதும் என்று சொல்லும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மேலே போய்ச் சேர்ந்துவிட்டாயா என்று இஸ்தோப்பில் இருந்து யாராவது கேட்பார்கள். எங்கள் லயத்துக்கு அப்போது அதைவிட நல்ல பொழுதுபோக்கு வேறொன்றும் இருக்கவில்லை.

விமான நிலையத்தில் படிக்கட்டு தானாக மேலே போகும் என்று சித்தி சொன்னதை மட்டும் அம்மா நம்பவில்லை. "படியே போகுதுன்னா அப்புறம் மனுசனுக்குக் கால் எதுக்குடி?" என்றாள். சித்தி அப்பாவைக் கூப்பிட்டாள். இஸ்தோப்பின் சிமெந்தில் சாக்கைப் போட்டு, அதன்மேல் அம்மாவை நிறுத்தி, மெதுவாக இழுக்கச் சொன்னாள். அப்பா எதையும் மெதுவாகச் செய்யத் தெரியாதவர். ஒரே இழுப்பில் அம்மா பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தவள் எழும்பாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். அந்த நாட்களில் அப்பா சிரித்து நான் பார்த்தது அது ஒன்றுதான். இப்போதும் டவுனில் எங்கேயாவது மின்படிக்கட்டைக் கண்டால் எனக்கு அந்தச் சாக்குதான் ஞாபகம் வருகிறது, கொஞ்சம் ஒதுங்கி நின்றுவிட்டுத்தான் ஏறுகிறேன்.

அம்மாவுக்கு எப்படிச் சொல்லியும் வராத ஒன்று இருந்தது. பெரிய வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டுச் சாமான்களை வீடு முழுக்க இறைத்துவைப்பார்கள், குனிந்து பொறுக்கிக் கூடையில் போட வேண்டும். இதற்காகச் சித்தி தம்பியின் சொத்தை எல்லாம் கம்பளத்தில் இறைத்தாள். சில்லு இல்லாத கார், போத்தல் மூடிகள், கை போன பொம்மை. மூலையில் ஒரு கூடையையும் வைத்தாள். அம்மா குனிந்தாள். இரண்டு கையும் மளமளவென்று பொறுக்கின. கை நிறைந்ததும், அப்படியே தோளுக்கு மேலாகப் பின்பக்கம் வீசினாள். கொழுந்து பறிக்கிற எல்லாரும் செய்வதுதான். கூடை முதுகில் தொங்கும், கை நிறைந்ததும் பின்னால் போடுவார்கள், திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கார் சித்தியின் நெற்றியில் பட்டது. மூடிகள் குசினி வரைக்கும் உருண்டு போயின.

"அக்கா, முதுகுல கூடை இல்லக்கா" என்றாள் சித்தி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு.

"எனக்குத் தெரியுதுடி. கைக்குத் தெரிய மாட்டேங்குது."

திரும்பவும் இறைத்தார்கள், திரும்பவும் பறந்து வந்தது. பின்னால் யாராவது உட்கார்ந்திருந்தால் அம்மா குனியும்போதே தலையைக் குனிந்துகொள்ளப் பழகிவிட்டோம். எனக்கு மட்டும் உள்ளுக்குள் குளிர்ந்தது. மாரியம்மா கைவிடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பசறையில் பெட்டி விற்கும் முஸ்லிம் நானாவின் கடையில் அந்தச் சிவப்புப் பெட்டியை வாங்கிவந்த அன்றுதான் நான் பதவிக்கு வந்தேன். அம்மா மலையில் இருந்து வந்து, பீலியில் விழும் மலைத் தண்ணீரில் கை கால் கழுவி, ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் சித்திக்காகக் காத்திருந்தால் படித்தது எல்லாம் மறந்துபோகுமாம். "இனி சாயங்காலத்துல நீதான் மேடம். அந்தப் பெட்டி மேல ஏறி ஒக்காரு. நான் ஒண்ணும் தெரியாத வேலைக்காரி. எல்லாத்தையும் நீதான் காட்டிக் குடுக்கணும்" என்றாள்.

ஒன்பது வயதில் யாருக்குக் கிடைக்கும் அப்படி ஒரு பதவி. கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். சித்தியிடம் கேட்டு வைத்திருந்த ஒரே அரபு வார்த்தையான யல்லாவை வாய்க்கு வாய் சொல்லி அம்மாவை விரட்டினேன். சீக்கிரம் என்று அர்த்தமாம். அம்மாவும் அதற்குத் தகுந்த மாதிரிப் பயந்து பயந்து நடந்தாள். ஆனால் எதுவுமே ஏறாத அவளுடைய மண்டையைப் பார்த்து எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அரிசியைப் பானையில் போட்டுவிட்டு, "மேடம், தண்ணி எம்புட்டு ஊத்தணும்?" என்பாள். நான் பெட்டியை விட்டு இறங்கி, விரலை விட்டு, எந்த ரேகை வரைக்கும் தண்ணீர் நிற்க வேண்டும் என்று காட்டுவேன். அடுத்த நாள் அதையே கேட்பாள். ஈர விறகு பிடிக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்பாள். தம்பிக்குப் பால்மாவைக் கட்டி கட்டியாகக் கரைத்துக்கொண்டு வந்து நிற்பாள். நான் அதைத் தூக்கி ஊற்றிவிட்டு, முதலில் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, பிறகு கரைத்துக் காட்டுவேன். இரண்டு பிள்ளைகளை வளர்த்தவளுக்கு இது தெரியாதா என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

கேள்விகள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போயின. "மேடம், இந்த வீட்டு ஐயா ராத்திரி வேலைக்குப் போனா, காலைல வந்ததும் என்ன சாப்பிடுவாரு?" என்றாள். ரியாத்திலும் தேயிலை ஃபெக்டரி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, ரொட்டியும் சம்பலும் என்று சொல்லி, மாவைப் பிசைந்தும் காட்டினேன். "மேடம், மழை வந்தா தகரம் எங்கெங்க ஒழுகும், எங்க சட்டி வைக்கணும்?" என்றாள். அதையும் காட்டினேன். பெரிய சட்டி கட்டில் காலடியில், சின்னது அடுப்புக்குப் பக்கத்தில். ரியாத்தில் மழையே பார்க்க முடியாது என்று சித்தி முதல் நாளே சொல்லியிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி வந்தபோது அம்மா அடுப்படியில் குந்தியிருந்தாள், நான் ஊதுகுழலால் ஊதிக் காட்டிக்கொண்டிருந்தேன். சித்திக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னக்கா இது, அங்க போய் அடுப்பா ஊதப்போற? எல்லாம் கேஸ்தானே" என்றாள். அம்மா சித்தியை நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். சித்தி வாளியைத் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போனாள். நேரம் கழித்து முகத்தை எல்லாம் கழுவிக்கொண்டு வந்தாள். தன்னுடைய வேலையை நான் பறித்துக்கொண்டது சித்திக்குப் பிடிக்கவில்லை போலும் என்று நினைத்து, அன்றைக்கு அவளிடம் கொஞ்சம் தள்ளியே இருந்தேன்.

அன்று மத்தியானம் தம்பிக்குத் தூக்கம் வந்தது. அவன் அம்மாவின் காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். காது மடலை இரண்டு விரலால் உருட்டிக்கொண்டே இருப்பான், கை நின்றால் தூங்கிவிட்டான் என்று அர்த்தம். அம்மா அவனை என் பக்கத்தில் கிடத்தினாள். "மேடம், இந்தப் புள்ள காதப் பிடிக்காமத் தூங்காதாம். யாரு காதக் குடுக்கிறது?" என்றாள். வேலைக்காரி கேட்டால் மேடம் பதில் சொல்லத்தானே வேண்டும். என் காதைக் கொடுத்தேன். அவன் முதலில் கையை உதறிவிட்டு அழுதான். அம்மா எழும்பிப் போய்க் குசினி வாசலில் நின்றுகொண்டாள். அழுது அழுது கடைசியில் அவன் என் காதைப் பிடித்தான். அவனுடைய விரல்கள் சூடாக இருந்தன. ஒரு சின்னப் பிள்ளை நம்மைப் பிடித்துக்கொண்டு தூங்குவது எவ்வளவு பாரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் அசையவே இல்லை.

பதுளை வகுப்புக்குப் போன அம்மா சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கி, தேறிவிட்டேன் என்றாள். எனக்குத் தலையில் இடி விழுந்தது. சோறு வைக்கத் தெரியாதவள், பால்மா கரைக்கத் தெரியாதவள், எப்படித் தேறினாள். அந்த வகுப்பில் இருந்தவர்கள் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"எங்கிட்ட நீ தேறவே இல்ல" என்று கத்தினேன்.

"ஆமா புள்ள, ஒங்கிட்டத்தான் தேறல" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு என் தலையை மடியில் இழுத்துப் போட்டுப் பேன் பார்க்கத் தொடங்கினாள். பேனே இருக்கவில்லை. ஆனாலும் இருட்டும் வரைக்கும் பார்த்தாள்.

போகிற அன்று தம்பியை வழக்கம் போலப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டார்கள். தோட்டத்துத் தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் இடம் அது, அதனால் அவன் அழவில்லை. நான் பஸ் வரைக்கும் போனேன். நானா கடையில் அவ்வளவு பெருமையாக உருட்டிக் காட்டிய பெட்டிச் சில்லுகள் எங்கள் கல் பாதையில் ஒரு அடிகூட உருளவில்லை. அப்பா பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினார். அந்த நாட்டில் ஆகாது என்று சித்தி சொன்னபடி அம்மா பொட்டு வைத்திருக்கவில்லை. வெறும் நெற்றியோடு அம்மாவைப் பார்க்க வேறு யாரோ போல இருந்தது. பஸ் வந்ததும் அவள் குனிந்து, "மேடம், போய்ட்டு வரட்டுங்களா?" என்று கேட்டாள்.

"வேணாம். ஒனக்கு இன்னும் ஒண்ணுமே தெரியாது" என்றேன்.

அம்மா என் கன்னத்தில் கையை வைத்தாள். கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்து, சொரசொரவென்று இருக்கும் அந்தக் கை. கண்டக்டர் தட்டினான், பஸ் பசறைப் பக்கம் திரும்பி, பனிக்குள்ளே போய்விட்டது. சத்தம் மட்டும் வளைவுக்கு வளைவு கேட்டுக்கொண்டே இருந்தது. அது முழுக்க அடங்கும் வரைக்கும் நான் அங்கேயே நின்றேன். இத்தனை வருஷம் கழித்தும், காலைப் பனியில் கீழே பஸ் ஒன்று இரையும்போது என் கன்னம் அந்தக் கையைத் தேடுகிறது.

அன்று சாயங்காலம் சோறு வைத்தேன். தண்ணீர் சரியாக இருந்தது. அப்பா சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார், அத்தை வந்து எங்களுக்குத் துணைக்குப் படுத்துக்கொண்டாள். மழை வந்தது, சட்டிகளை வைத்தேன். தம்பி என் காதைப் பிடித்துக்கொண்டு தூங்கினான். பாவம் அம்மா, இந்த வேலைகளை எல்லாம் அங்கே தப்புத் தப்பாகச் செய்து மேடத்திடம் திட்டு வாங்குவாளே என்று நினைத்து நினைத்து எனக்கு அழுகை வந்தது.

ஒரு ஒப்பந்தம் முடிந்து, வராமல் அப்படியே இன்னொன்றும் முடிந்துதான் அம்மா வந்தாள். இடையில் வெள்ளிக்கிழமைகளில் பேசுவாள். கோயில் மேட்டில்தான் சிக்னல் கிடைக்கும், அங்கே போய்க் காத்திருப்போம். திட்டுகிறார்களா என்று நான் கேட்பேன். இல்லை என்பாள். கூடையில் போடுகிறாயா, பின்னால் வீசுகிறாயா என்று கேட்பேன். சிரிப்பாள். தம்பியிடம் போனைக் கொடுத்தால் அவன் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருப்பான். அதற்குள்ளே அத்திவாரத்தில் சுவர் எழும்பியது, கூரை வந்தது, நாங்கள் லயத்தை விட்டுப் புது வீட்டுக்கு இறங்கினோம். அம்மா அதைப் படத்தில்தான் பார்த்திருந்தாள்.

வந்த அன்று வீடு நிறைய ஆட்கள். தம்பி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தான். அம்மாவைக் கண்டதும் என் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்தான். அவன் இறைத்துவைத்திருந்த கொப்பியையும் பென்சிலையும் பொறுக்க அம்மா குனிந்தாள். நான் பழக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். எதுவும் பறந்து வரவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, சத்தம் இல்லாமல் மேசை மேல் அடுக்கினாள். படுக்கும்போது தம்பி எங்கள் நடுவில் படுத்து, என் பக்கம் திரும்பி, என் காதைப் பிடித்துக்கொண்டான். அம்மா தன் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். புதுத் தோடு உறுத்துகிறதாக்கும் என்று நினைத்தேன்.

காலையில் நான் எழும்பி வந்தபோது அம்மா குசினியில் நின்றாள். தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு டின்னைத் திறந்து பார்த்து மூடினாள், இன்னொன்றைத் திறந்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "புள்ள, சீனி எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அம்மா மறக்கவில்லை. வந்ததும் வராததுமாக விளையாட்டைத் தொடங்கிவிட்டாள். உள்ளே ஓடிப்போய்ச் சிவப்புப் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தேன். புது வீட்டுச் சிமெந்துத் தரையில் அதன் சில்லுகள் அழகாக உருண்டன. குசினி வாசலில் அதை நிறுத்தி, ஏறி உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "எத்தன தடவ சொல்றது ஒனக்கு? மேல் தட்டுல, பச்ச மூடி போட்ட டின். யல்லா" என்றேன்.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, மேல் தட்டில் பச்சை மூடியைத் தேடினாள். நான் பெட்டி மேல் இருந்து காலை ஆட்டிக்கொண்டு, தேயிலை எங்கே, கோப்பை எங்கே என்று அவள் அடுத்ததையும் கேட்பாள் என்று ஆசையாகக் காத்திருந்தேன்.